ஐப்பசி ஈரத்தில் ஒரு கறுப்பு வில்லை

ராசு இறந்துபோன செய்தி எனக்குக் கொரியாவிலிருந்து வந்தது. அவன் இறந்தது தஞ்சாவூரில், அவன் வீட்டில். நான் இருந்தது ஒரத்தநாட்டில். இரண்டுக்கும் நடுவே, பேருந்தில் ஏறி ஒரு வெற்றிலையை மென்று முடிக்கிற தூரம். ஆனால் அந்தச் செய்தி அவன் மனைவி சுமதியிடமிருந்து கனடாவில் இருக்கும் மகள் கயலுக்குப் போய், கயலிடமிருந்து கொரியாவில் ஆராய்ச்சி செய்யும் அவனுடைய பழைய மாணவி நசீமாவுக்குப் போய், பூமியை ஏழு சுற்று சுற்றிக் களைத்து, என் அரிசி ஆலை வாசலில் வந்து விழுந்தது.

"மாமா, உக்காந்திருக்கீங்களா?" என்றாள் நசீமா.

"நான் எப்பம்மா நின்னேன்? சொல்லு."

"சார் போயிட்டாங்க மாமா. தூக்கத்துலயே. சுமதி அக்காவால உங்ககிட்டச் சொல்ல முடியலையாம். என்னைச் சொல்லச் சொன்னாங்க."

சுமதியால் ஏன் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அவனுக்குத் தாய்மாமன். வயதில் நான்கு வருடம்தான் மூத்தவன். அவனுக்குக் காது குத்தியபோது முறைப்படி என் மடியில் உட்காரவைத்தார்கள். நான் விழுந்துவிடாமல் இருக்க என்னை என் அப்பா மடியில் உட்காரவைத்தார்கள். அப்படி மடியில் வாங்கியவனுக்கு நானே கோடித்துணி எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று எந்த வாயால் சொல்வாள்?

கல்லூரியின் பழைய மாணவர் மலருக்காக இதை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் பேராசிரியர் கோவிந்தராசு என்றும் அவர் என்றும் எழுதுவார்கள். எழுதட்டும். எனக்கு அவன் அவன்தான்.

என்னைப் பற்றி ஊரார் சொல்வது உண்மை. நான் சொல்லும் எதுவும் அதன் நிஜ அளவில் இருப்பதில்லை. இரண்டு தொட்டியும் ஒரு கொதிகலனும் உள்ள என் ஆலையை ஆசியாக் கண்டத்திலேயே பெரிய ஆலை என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். சிறுவயதில் வாய்க்காலில் நான் பிடித்த விரால்மீன் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சாண் வளரும். ராசு ஒருநாளும் மறுத்ததில்லை. கடைசிவரை கேட்பான். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "பத்தால வகுத்துக்கிறேன் மாமா" என்பான். விரால் சரியான அளவுக்கு வந்துவிடும்.

அவன் ஆராய்ச்சி என் ஆலைக்குள் வந்தது மின்வெட்டால். கல்லூரியில் அவனுக்கு ஓர் அறை இருந்தது, ஒரு மின்சார உலை இருந்தது, மின்சாரம்தான் நிலையாக இல்லை. அவன் பொடிகளை ஆயிரம் டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சுடவேண்டும். நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் பாதி வெந்த சோறு.

"மாமா, உங்க மில்லுல ஜெனரேட்டர் இருக்குல்ல?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஜெனரேட்டரா? மேட்டூர் அணையே என் கொல்லையிலதான்டா இருக்கு."

"பத்தால வகுத்தாலும் போதும்."

இப்படியாக, நெல் அவிக்கும் தொட்டிகளுக்குப் பக்கத்தில், தவிட்டு மூட்டைகளைத் தள்ளிவிட்டு, அவன் உலை வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நசீமாவும் வருவாள். அய்யம்பேட்டைப் பெண். அவள் அத்தா சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். "பொம்பளப் புள்ள ஒலையில என்னத்தப் படிக்குது" என்று உறவுக்காரர்கள் கேட்டதற்கு, "பிரியாணி மாஸ்டருக்குப் படிக்குது" என்று அவர் தொலைபேசியில் பதில் சொன்னாராம். ராசுவும் அவளும் அகேட் என்ற கல்லில் செய்த சின்ன உரலில் பொடியை மாறி மாறி அரைப்பார்கள். சாப்பாடு கொண்டுவரும் சுமதி பார்த்துவிட்டு, "வீட்டுல ஒருநாள் சட்னி அரைச்ச கை இல்ல இது" என்பாள்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன். டிஸ்புரோசியம் என்ற அருமண் தனிமத்தின் ஆக்சைடையும் குரோமியத்தின் ஆக்சைடையும் சேர்த்து அரைத்து, சுட்டு, அழுத்தி, மறுபடி சுட்டால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை கிடைக்கும். அதற்குள் அணுக்கள் கூண்டு கூண்டாக அடுக்கியிருக்கும். அந்த அடுக்குக்குத்தான் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். வில்லையைக் குளிரவைத்துக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட குளிரில் உள்ளே இருக்கும் குட்டிக் காந்தங்கள் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும். ஒன்று வடக்கே பார்த்தால் அடுத்தது தெற்கே பார்க்கும், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. அதே குளிரில் அந்த வில்லை மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற திறனும் மாறுகிறதா? காந்தமும் மின்சாரமும் உள்ளே ஒன்றையொன்று தொடுகின்றனவா? இதுதான் அவன் கேள்வி. வாழ்நாள் முழுவதும் இது ஒன்றுதான்.

அது ஊர் காலியாகத் தொடங்கியிருந்த காலம். தெருவுக்கு ஒரு கணினிப் பயிற்சி மையம் முளைத்தது. நாற்றங்கால் தெரியாத பிள்ளைகளுக்கு விசா வகைகள் தெரிந்தன. வெளிநாட்டுக் கருவிகள் வாங்குவது முன்னைவிடச் சுலபமாகி, ராசுவின் கல்லூரிக்கும் மின்தேக்குத் திறனை அளக்கும் ஒரு மீட்டர் வந்தது. ஒரு ஐப்பசியில், விடாத அடைமழையில், என் ஆலையில் சுட்ட வில்லையை அதில் வைத்து அளந்தான். எண் ஆயிரக்கணக்கில் ஏறி நின்றது. அந்த மாதிரிப் பொருளில் யாரும் பார்க்காத உயரம். மறுபடி அளந்தான், வேறு வில்லையில் அளந்தான். ஏறியே நின்றது.

ஒரு மாநாட்டுக்கு அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினான். அடுத்த குறுவை நடவு முடிவதற்குள் ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர், தன் ஆய்வகத்துக்குக் குடும்பத்தோடு வந்து மூன்று வருடம் வேலை செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் சும்மா இருப்பேனா? என் மருமகன் செய்த வில்லை ஒன்றுக்குள் நெய்வேலி மின்சாரம் முழுவதையும் மடித்துவைக்கலாம் என்று ஒரத்தநாடு கடைத்தெரு முழுவதும் சொன்னேன். வேட்டிக்கடைக்காரர் நம்பினார். டீக்கடையில் ஒருவர் அப்படியென்றால் கரண்ட் பில் குறையுமா என்று கேட்டார். குறையும் என்றேன். ராசு பத்தால் வகுக்கவில்லை. முதல்முறையாக என் மிகைக்குப் பக்கத்தில் அவன் எண்ணும் நின்றது. சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

சுமதி தான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள். தஞ்சாவூரில் மூன்று பேருக்கும் கம்பளிச் சட்டை வாங்கினாள். கடைக்காரர், "ஊட்டிக்கா மேடம்?" என்றாராம். "இல்லைங்க, இன்னும் கொஞ்சம் மேல" என்றாளாம். கயல் சோற்றுப் பருக்கைகளை ஜெர்மன் மொழியில் எண்ணி எண்ணிச் சாப்பிட்டாள்.

புறப்படுவதற்கு முன் குறுவை அறுவடை வந்தது. எங்கள் இருவர் நெல்லும் அரசு கொள்முதல் நிலையத்துக்குப் போனது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. டெல்டாவில் பிறந்தவனுக்கு இந்தச் சண்டையைச் சொல்லவேண்டியதில்லை. நெல்லில் ஈரப்பதம் கூடியிருந்தால் எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அதே சண்டை, அதே வசனம்.

"ஈரம் ஜாஸ்திங்க. காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"எந்த வெயில்ல? உங்க ஆபீஸ் டியூப்லைட் வெளிச்சத்துலயா?"

"மீட்டர் காட்டுதுங்க. நான் என்ன பண்றது?"

"அந்த மீட்டரும் மழையில நனைஞ்சிருக்கும். அதைக் காயவச்சு எடுத்துட்டு வாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராசு மட்டும் சிரிக்கவில்லை. எழுத்தர் மேசையில் இருந்த அந்தச் சின்னக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கைப்பிடி நெல்லை உள்ளே கொட்டினால் எண் வரும். குனிந்து அதன் உட்புறத்தைப் பார்த்தான்.

"உள்ளே ரெண்டு தகடுதானே சார்?" என்று எழுத்தரைக் கேட்டான்.

"நெல்லைப் போட்டா நம்பர் வரும் சார். உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?"

ராசுவுக்குத் தெரியும். இரண்டு தகடு, நடுவில் நெல். அதுவும் மின்தேக்குத் திறனைத்தான் அளக்கிறது. காய்ந்த நெல்லுக்குச் சிறிய எண். தண்ணீருக்கு அந்தத் திறன் மிக அதிகம் என்பதால், நெல் நனைந்திருந்தால் எண் ஏறிவிடும். கல்லூரியில் அவன் வில்லையை வைத்ததும் இரண்டு தகட்டுக்கு நடுவில்தான்.

"நனைஞ்சிருந்தா ஏறும்" என்றான் மெதுவாக.

"அதைத்தான்டா தஞ்சாவூர் ஜில்லாவே சொல்லுது" என்றேன் நான், இன்னும் சண்டைச் சுவாரஸ்யத்தில்.

அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். நெல்லை அப்படியே போட்டுவிட்டு ஆலைக்குப் போகலாம் என்றான்.

பிறந்ததிலிருந்து நெல்லின் ஈரத்தைப் பல்லில் கடித்துச் சொல்லக்கூடியவன் அவன். பொடியை நிறுக்கும் முன் ஈரம் போகச் சுட்டுக் காயவைப்பான்; அதில் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் சுட்டெடுத்த வில்லையைக் காய்ந்த பொருள் என்றே நினைத்துவிட்டான். அந்த வில்லைக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். நெல் அவிக்கும் ஆவிக்குப் பக்கத்தில், ஐப்பசிக் காற்றில் அதை ஆறவைத்து, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனான். வழி முழுவதும் அது எங்கள் ஊர் ஈரத்தைக் குடித்துக்கொண்டே போயிருக்கிறது.

அன்று வில்லையைச் சூடேற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடிச் சாடியில் மூடி மடியில் வைத்துக்கொண்டான். நான் வேன் ஓட்டினேன். கல்லூரி அறையில் அளந்தான். ஆயிரங்களில் நின்ற எண் பத்துகளில் வந்து நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஏறத் தொடங்கியது. அதைவிடக் கொடுமையான காட்சியை நான் பார்த்ததில்லை. இதைப் பத்தால் வகுக்கவேண்டாம்.

"இவ்வளவு நாளும் தண்ணியைத்தான் அளந்திருக்கேன் மாமா" என்றான்.

மறுநாள் அவன் வீட்டில் மூவரும் உட்கார்ந்தோம். பயணப் பெட்டிகள் கூடத்தில் இருந்தன. நான்தான் பேசினேன். "இப்ப ஏன்டா சொல்லணும்? போ. அங்க போய்ச் சரிபண்ணிக்க. ஈரம் இல்லாத ஊர்தானே?"

"அதான் மாமா. ஈரம் இல்லாத ஊரு. அவங்க அளக்குற அன்னைக்கே தெரிஞ்சுரும்."

"தெரியலைன்னா?"

"எனக்குத் தெரியுமே."

சுமதி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஸ்கூல்ல வேற ஆள் போட்டுட்டாங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாலையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, தன் அளவு தவறு, அது ஈரத்தின் அளவு, மாநாட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அந்தப் பேராசிரியருக்கு எழுதினான். பதில் சீக்கிரமே வந்தது. மிகவும் மரியாதையான பதில். உங்கள் நேர்மையை மதிக்கிறோம், இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

கடைத்தெருவில் கேட்டார்கள். விசாவில் கோளாறு என்றேன். அதற்கு அவன், "ஏன் மாமா பொய்? வில்லை நனைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க" என்றான். சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. துடைத்துக் காயவைக்கக் கூடாதா என்று வேட்டிக்கடைக்காரர் கேட்டார்.

பிறகு அவன் முதலிலிருந்து தொடங்கினான். குளிரவைப்பதற்குத் திருச்சியிலிருந்து திரவ நைட்ரஜனை என் வேனில் கொண்டுவருவோம். குடுவையின் மூடி இடுக்கில் வெள்ளைப் புகை வழியும். செங்கிப்பட்டியில் நிறுத்திய போலீஸ்காரரிடம் இமயமலையைக் கொண்டுபோகிறோம் என்றேன். அவர் ராசுவைப் பார்த்தார். "பத்தால வகுத்துக்கோங்க சார்" என்றான் அவன். அந்தக் குடுவைக்கு வெளியே சுற்றுவதற்குத் துணி தேடியபோது சுமதி பீரோவிலிருந்து அவனுடைய கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "குளிருக்குன்னு வாங்குனது, குளிருக்கே ஆகட்டும்." பல வருடம் அந்தக் குடுவை ஜெர்மனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் வேனில் வந்தது. மற்ற இரண்டும் பீரோவிலேயே இருந்தன.

சுமதிக்கு வேறொரு பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. ஜெர்மனி பற்றி அவள் ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பேசாத சொல்லைத்தான் அவன் வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

காவிரியில் தண்ணீர் வராத வருடங்கள் வந்தன. குறுவை இல்லை. ஆற்றில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். அவிக்க நெல் இல்லாமல் என் தொட்டிகள் வெடித்தன. காற்று எலும்புவரை உலர்ந்திருந்தது. அந்த வருடங்களில்தான் ராசுவின் அளவுகள் சுத்தமாக வந்தன. ஊருக்கே கேடானது தன் வில்லைக்கு மட்டும் நல்லதாகப் போனதில் அவனுக்கு வெட்கம். யாரிடமும் சொல்லமாட்டான்.

ஒருநாள் ஒரு வரைகோட்டைக் கொண்டுவந்து காட்டினான்.

"தெரியுதா மாமா?"

"கோடு தெரியுது."

"இங்க பாருங்க. காந்தம் ஒழுங்காகுற அதே குளிர்ல ஒரு துளி நிமிருது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வரப்பில் எறும்புப் புற்று அளவுக்கு ஒரு மேடு. "இதுக்காடா இவ்வளவு?" என்றேன்.

"சின்னதா இருக்கு மாமா. ஆனா இருக்கு."

அதை ஒரு சிறிய ஆய்விதழில் வெளியிட்டான். யாரும் அழைக்கவில்லை. பல வருடம் கழித்து, கொரியாவில் துளையே இல்லாத ஒற்றைப் படிகத்தை வளர்த்து அளந்த நசீமா, அதே குளிரில் அதே மேட்டைப் பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "ஈரம் பாத்தியாம்மா?" அவள் பார்த்தேன் சார் என்றாள். "அப்ப சரி" என்றான். போனை வைத்துவிட்டு வெளியே போய், வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றான். அவ்வளவுதான் விழா.

அதற்குள் கல்லூரியில் இயற்பியல் முதுகலை வகுப்பை மூடிவிட்டார்கள். சேர ஆள் இல்லை. அவன் ஓய்வு பெற்ற அன்று உலையை என் ஆலையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னான். இப்போது அதற்குள் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. மாணவர்கள் எல்லாம் ஏதேதோ நாட்டில். சாவுக்கு வந்தவர்களைவிட, திரையில் பார்த்தவர்கள் அதிகம். கயலுக்கு உடனே விமானம் கிடைக்கவில்லை. சுமதி ஒரு கையில் அலைபேசியைப் பிடித்து அவன் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டே நின்றாள். பிறகு அதை நான் வாங்கிக்கொண்டேன். கூடத்தில் யாரோ ஒரு கம்பளிச் சட்டையை மடித்து அவன் தலைக்கு அடியில் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

அஞ்சலிப் பதாகை அடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கடையில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பையன் தட்டச்சு செய்தான். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. காந்தத்தையும் மின்சாரத்தையும் கட்டிவைத்த பேரறிஞர். டெல்டாவின் தவப்புதல்வர்.

"இன்னும் இடம் இருக்குங்க ஐயா. வேற ஏதும் போடவா?" என்றான் பையன்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் கண்ணாடியைத் துடைக்கவில்லை. யாரும் எதையும் வகுக்கவில்லை. எழுபது வயதுக்குமேல், முதல்முறையாக, அந்த வேலையை நானே செய்யவேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துடுப்பா" என்றேன். "கோவிந்தராசு, இயற்பியல் ஆசிரியர். அது போதும்."

"ரொம்பச் சின்னதா இருக்குமேங்க."

"சின்னதாத்தான் இருக்கும்."

ராசுவின் மேசையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வில்லை. விளிம்பு உடைந்தது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது வெளியே ஐப்பசி மழை. ஆற்றில் தண்ணீர் போகிறது, தொட்டியில் நெல் அவிகிறது. இந்நேரம் அது ஈரத்தை நன்றாகக் குடித்திருக்கும். இப்போது அளந்தால் ஆயிரக்கணக்கில் காட்டும்.

நான் அளக்கமாட்டேன்.